டெப்த் சார்ஜ் மோதி வெடிக்காது: ஜம்னா கப்பல் கட்டுரைக்குச் சில திருத்தங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போரில் விசாகப்பட்டினத்துக்கு அருகே ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று மூழ்கடிக்கப்பட்டதைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். நம் கிழக்குக் கடலில் நடந்ததைத் தமிழில் எழுத ஆள் கிடைப்பதே அரிது. அந்த வகையில் மகிழ்ச்சி. கட்டுரையில் சில பிழைகள் உள்ளன. பெரும்பாலானவை வரலாற்றுப் பிழைகள், அவற்றால் இன்று யாருக்கும் காயம் வராது. டெப்த் சார்ஜ் என்னும் நீரடிக் குண்டு மோதினால் வெடிக்கும் என்று சொல்லும் பிழை அப்படியல்ல. பழவேற்காடு ஏரிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், தமிழும் தெலுங்கும் பேசும் எங்கள் ஊர்ப் படகுகள் வலை இழுக்கும் கடலில் அது ஆளைக் கொல்லக்கூடிய பிழை. கடிதம் நீண்டுவிட்டதற்குக் காரணம் அதுதான்.

'ஜம்னா தன்னந்தனியாக நின்று டார்பிடோ வீசி' நீர்மூழ்கியை அழித்ததாகக் கட்டுரை சொல்கிறது. நடந்தது இது. 1944 பிப்ரவரி 11 அன்று கொழும்பிலிருந்து கல்கத்தாவுக்குப் போய்க்கொண்டிருந்த ஜேசி 36 என்ற கான்வாயில் (காவல் கப்பல்களோடு கூட்டமாகப் போகும் சரக்குக் கப்பல் அணியில்), அஸ்ஃபாலியன் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலை ஆர்ஓ 110 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி டார்பிடோவால் அடித்தது. இடம் விசாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே. அடிபட்ட கப்பல் மூழ்கவில்லை. காவலுக்கு வந்த மூன்று கப்பல்கள் நீர்மூழ்கியைத் தேடிப் பிடித்து அடித்தன: இந்தியக் கடற்படையின் ஜம்னா, ஆஸ்திரேலியக் கடற்படையின் லான்செஸ்டன், இப்ஸ்விச். நீர்மூழ்கியில் இருந்த ஒருவரும் தப்பவில்லை. இந்த மூன்று கப்பல்களில் எதிலுமே டார்பிடோக் குழாய் கிடையாது. அடித்தது முழுக்க டெப்த் சார்ஜ்.

ஜம்னாவை 'க்ரூசர்' என்று எழுதியிருப்பதையும் திருத்திக்கொள்ள வேண்டும். அது ஸ்லூப் வகை, க்ரூசரைவிடச் சிறிய காவல் கப்பல். சுமார் 300 அடி நீளம், 1300 டன், மூன்று இரட்டை மேடைகளில் ஆறு 4 அங்குலப் பீரங்கிகள், மணிக்கு 19 கடல் மைல் வேகம். ஆஸ்திரேலியக் கப்பல்கள் இரண்டும் அதைவிடச் சிறியவை. பாதர்ஸ்ட் வகை என்று பெயர். 186 அடி நீளம், 31 அடி அகலம், 650 டன், 85 பேர். போர்க்காலத்தில் ஆஸ்திரேலியாவின் எட்டுக் கப்பல் தளங்களில் இந்த வகையில் 60 கட்டினார்கள். அவற்றில் நான்கு நம் கடற்படைக்கு வந்தன: பெங்கால், பம்பாய், மெட்ராஸ், பஞ்சாப். கடற்கண்ணிகளை அகற்றும் கண்ணிவாரிக் கப்பல் என்று பெயர் சூட்டினாலும் உண்மையான வேலை நீர்மூழ்கி வேட்டை. அதை மறைக்கத்தான் அந்தப் பெயர்.

இந்தப் பாதர்ஸ்ட் கப்பல்களில் டர்பைன் இல்லை, பழைய பிஸ்டன் நீராவி எஞ்சின் இரண்டு. காரணம் எளிது. டர்பைனுக்குப் பல்சக்கரம் வெட்டும் நுட்பமான தொழிற்சாலை வேண்டும். பிஸ்டன் எஞ்சினை ஓரளவு பெரிய எந்தப் பட்டறையும் செய்துவிடும். பழுதானாலும் துறைமுகத்துப் பட்டறையிலேயே சரிசெய்யலாம். இதற்குக் கொடுத்த விலை வேகம். 15 கடல் மைல் என்றால் மணிக்கு 28 கிலோமீட்டர், கும்மிடிப்பூண்டி பஜாரில் ஷேர் ஆட்டோ போகிற வேகம். நீருக்கு மேலே வந்து ஓடுகிற பெரிய ஜப்பானிய நீர்மூழ்கி 23 கடல் மைல் போகும், இந்தக் கப்பலால் அதைத் துரத்திப் பிடிக்கவே முடியாது. ஆர்ஓ 110 சிறிய ரகம், 61 மீட்டர் நீளம்; மேலே 14, நீருக்குள் 8 கடல் மைல். அதனால்தான் இந்தச் சிறு கப்பல்களுக்கு அது எட்டும் இரையானது.

கொழும்பிலிருந்து கல்கத்தா ஏறக்குறைய 1250 கடல் மைல். கான்வாயின் வேகம் அதில் உள்ள மிக மெதுவான கப்பலின் வேகம்தான். மணிக்கு 8 கடல் மைல் வைத்தால் ஆறரை நாள். சரக்குக் கப்பல்கள் நெடுவரிசைகளாகப் போகும். வரிசைக்கு வரிசை ஏறக்குறைய ஆயிரம் கெஜம், முன்னால் போகும் கப்பலுக்கும் பின்னால் வருவதற்கும் 400 முதல் 600 கெஜம். காவல் கப்பல்கள் முன்னாலும் பக்கங்களிலும் வளைந்து வளைந்து ஓடும். 1942 ஏப்ரலில் ஜப்பானியக் கடற்படை வங்கக் கடலுக்குள் நுழைந்து சில நாட்களில் இருபதுக்கும் மேற்பட்ட சரக்குக் கப்பல்களை மூழ்கடித்ததும், ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டதும் பலருக்குத் தெரியும். தனிக் கப்பலாக இந்தக் கரையோரம் போவது எவ்வளவு ஆபத்து என்று அப்போது புரிந்தது. ஜேசி 36 போன 1944 பிப்ரவரியில் பர்மாவின் அரக்கான் போர்முனையில் சண்டை உச்சத்தில் இருந்தது. அந்தப் படைக்குப் போகும் சரக்குக்கு வாசல் கல்கத்தா. காவல் கப்பலின் கணக்கை எத்தனை நீர்மூழ்கி அழித்தது என்று பார்ப்பதைவிட, எத்தனை சரக்குக் கப்பல் ஹூக்ளி ஆற்றுக்குள் போய்ச் சேர்ந்தது என்று பார்ப்பதே சரி என்பது எங்கள் கருத்து. கட்டுரையாளர் அந்தக் கோணத்தைத் தொடவே இல்லை.

இனி, நீர்மூழ்கியை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது. 'ராடாரில் தெரிந்தது' என்று போட்டிருக்கிறீர்கள். ராடார் அலை கடல் நீருக்குள் போகாது. பயன்பட்டது அஸ்டிக், இன்று சோனார் என்கிறோம். கப்பலின் அடியில் ஒரு குமிழுக்குள் இருக்கும் கருவி, மனிதக் காதின் மேல் எல்லைக்குப் பக்கத்தில் உள்ள ஒலியை ஒரு திசையில் 'டிங்' என்று அனுப்பும். எதன் மீதாவது பட்டால் எதிரொலி வரும். சுமார் 2500 கெஜம் வரை கேட்க வேண்டுமானால், ஒலி போய்த் திரும்ப மூன்று விநாடி காத்திருக்க வேண்டும். பிறகு ஐந்து பாகை திருப்பி அடுத்த டிங். இடது பக்கம் 80 பாகையிலிருந்து வலது பக்கம் 80 பாகை வரை ஒரு முறை துழாவி முடிக்க 33 டிங், ஒன்றரை நிமிடத்துக்கு மேல். அதற்குள் 12 கடல் மைல் வேகத்தில் கப்பல் அறுநூறு மீட்டர் நகர்ந்துவிடும். இந்த இடைவெளியில் ஒரு நீர்மூழ்கி நழுவி உள்ளே வர இடமுண்டு. ஜேசி 36இல் நடந்தது அதுவாகவே இருக்கலாம். காவல் இருந்தும் எப்படி அடிபட்டது என்று கேட்கும் வாசகருக்கு இதுதான் பதில்.

வங்கக் கடல் இந்தக் கருவிக்கு நல்ல கடலும் அல்ல. வெயில் ஏற ஏற மேல் நீர் சூடாகும். சூடான நீரில் ஒலி வேகமாகவும் கீழே உள்ள குளிர்ந்த நீரில் மெதுவாகவும் போவதால், ஒலிக்கற்றை கீழ்நோக்கி வளைந்துவிடும். காலையில் இரண்டாயிரம் கெஜம் எட்டிய கருவி மதியம் சில நூறு கெஜத்தோடு நின்றுபோவது இதனால்தான். கோதாவரி, கிருஷ்ணா ஆறுகளின் நன்னீர் உப்பு நீருக்கு மேல் தனி அடுக்காகப் படர்வதும் ஒலியைத் திருப்பிவிடும். ஆழம் குறைந்த இடத்தில் சொடுக்கு இறால்களின் 'சடசட' சத்தம் காதுக்கருவியை நிரப்பும். மத்திக் கூட்டம், கானாங்கெளுத்திக் கூட்டம், பழைய கப்பலின் எலும்புக்கூடு எல்லாமே எதிரொலி தரும். எது இரும்பு, எது மீன் என்று பிரித்தறிவது காதால்தான். கூட்டமாக நீந்தும் மீனின் எதிரொலி பஞ்சுபோல் பரவலாக இருக்கும். நீர்மூழ்கியுடையது விளிம்பு கூர்மையாக, உலோகத்தனமாக வரும். எதிரொலியின் சுருதி அனுப்பிய சுருதியைவிட உயர்ந்திருந்தால் அது நம்மை நோக்கி வருகிறது, தாழ்ந்திருந்தால் விலகிப் போகிறது. ரயில் கூவிக்கொண்டு வரும்போதும் தாண்டிப் போகும்போதும் சூளூர்ப்பேட்டை பிளாட்பாரத்தில் நிற்பவர் காதில் விழும் அதே வித்தியாசம். காது களைத்துவிடும் என்பதால் கருவியில் உட்காருபவரை அரைமணிக்கு ஒரு முறை மாற்றுவார்கள்.

எதிரொலி கிடைத்த பிறகுதான் வேலையே சிக்கலாகும். கற்றை முன்னோக்கிப் போவது. நேர் கீழே பார்க்காது. ஆகவே நீர்மூழ்கியை நெருங்க நெருங்க, இருநூறு கெஜம் அளவில் எதிரொலி அறுந்துபோகும். எவ்வளவு தூரத்தில் அறுந்தது என்பதை வைத்தே ஆழத்தை ஊகிப்பார்கள்: ஆழமாக இருந்தால் முன்கூட்டியே அறும், மேலாக இருந்தால் கிட்டத்தில் அறும். அதன்பின் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடுவதுபோல்தான். 15 கடல் மைல் வேகத்தில் இருநூறு கெஜத்தைக் கடக்க ஏறக்குறைய 24 விநாடி. டெப்த் சார்ஜ் 150 அடி இறங்க இன்னும் 15 விநாடிக்கு மேல். மொத்தம் நாற்பது விநாடி. நீருக்குள் 6 கடல் மைல் போகும் நீர்மூழ்கி அதற்குள் 120 மீட்டர் விலகியிருக்கும், அதாவது தன் நீளத்தைப்போல் இருமடங்கு. விவரம் தெரிந்த தளபதி தலைக்கு மேலே கேட்கும் ப்ரொப்பெல்லர் சத்தம் நெருங்கும் நேரம் பார்த்துத்தான் சுக்கானைத் திருப்புவார்.

ஒன்றுக்கு மேற்பட்ட காவல் கப்பல் தேவைப்பட்டது இதற்காகவே. ஒன்று ஆயிரம் கெஜம் தள்ளி நின்று எதிரொலியை விடாமல் பிடித்துக்கொள்ள, மற்றொன்று மேலே ஓடிக் குண்டை இறக்கும். ஒரு சுற்று வெடித்ததும் அங்கே நீர் கலங்கி, காற்றுக் குமிழிகளே எதிரொலி தரும். பத்து, பதினைந்து நிமிடத்துக்கு அந்த இடத்தில் கருவி உதவாது. கலக்கத்துக்கு வெளியே நிற்கும் கப்பல்தான் அப்போது கண். விசாகப்பட்டினத்தில் மூன்று கப்பல்களும் மாறி மாறித் தாக்கின. வெற்றியை ஒரே கப்பலுக்கு எழுதிக் கொடுப்பது மற்ற இரண்டுக்கும் அநியாயம்.

இப்போது அந்த ஆபத்தான பிழை. 'நீர்மூழ்கியின் மீது மோதியதும் வெடிக்கும் பீப்பாய்' என்று டெப்த் சார்ஜை விளக்கியிருக்கிறீர்கள். டெப்த் சார்ஜ் மோதி வெடிப்பதே இல்லை. அப்போது பயன்பட்ட ஏழாம் எண் ரகம் ஒன்றரை அடி விட்டமும் இரண்டேகால் அடிக்குச் சற்று மேல் நீளமும் உள்ள இரும்பு உருளை. மொத்த எடை 190 கிலோவை ஒட்டி, உள்ளே வெடிமருந்து ஏறக்குறைய 130 கிலோ. உருளையின் நடுவில் முழு நீளத்துக்கும் ஒரு குழாய் ஓடும். ஒரு முனையில் பிஸ்டல் என்னும் வெடிப்பொறி, மறுமுனையில் வெடியைத் தூண்டும் பொருள். பிஸ்டலில் நீர் புகும் வழி உண்டு. நீரின் அழுத்தம் ஓர் அளவைத் தாண்டும்போது ஊசி விடுபட்டு அடிக்கும். எந்த ஆழத்தில் அடிக்க வேண்டும் என்பதை ஒரு சாவியால் திருப்பி வைப்பார்கள்: 50, 100, 150, 250, 350, 500 அடி. 'சேஃப்' என்ற நிலையில் வைத்தால் வெடிக்காது.

ஆர்ஓ 110 ரகத்தின் பாதுகாப்பான ஆழம் 75 மீட்டர், நம் மீனவர் கணக்கில் சுமார் 40 பாகம். ஆகவே 250 அடி வரை உள்ள எண்களே அதற்குப் போதும். ஒரு சுற்றில் வழக்கமாக ஐந்து குண்டு. பின்பக்கத் தண்டவாளத்திலிருந்து முதல் குண்டு உருளும்; அடுத்து இரண்டாவது உருளும்போதே இரு பக்கத்து எறிபொறிகளும் ஒவ்வொன்றைச் சுமார் நாற்பது கெஜம் தள்ளி வீசும்; கடைசியாக இன்னொன்று உருளும். மேலிருந்து பார்த்தால் சாய்சதுரமும் அதன் நடுவில் ஒரு புள்ளியும். நீர்மூழ்கியின் உடலைப் பிளக்க ஆறு மீட்டருக்குள் வெடிக்க வேண்டும். அதைப்போல் இருமடங்கு தூரத்தில் கசிவும் சேதமும்தான். ஆகவே ஐந்தும் வீணாவதுதான் பெரும்பாலும் நடக்கும்.

தவறும் இடங்கள் பல. 50 அடிக்கு வைத்த குண்டு ஏழு விநாடிக்குள் வெடித்துவிடும். 15 கடல் மைல் கப்பல் அதற்குள் ஐம்பது மீட்டர்தான் தாண்டியிருக்கும். எஞ்சினில் நீராவி குறைந்து வேகம் தளர்ந்தால் சொந்தக் குண்டே பின்பக்கத் தகட்டை உலுக்கும், விளக்கு அணையும், கருவி செத்துப்போகும். எறிபொறியில் அடுத்த குண்டை ஏற்றுவதும் லேசல்ல. 190 கிலோவைக் கப்பியில் தூக்கி, ஆடும் டெக்கில் நான்கைந்து பேர் சேர்ந்து பொருத்த வேண்டும். எல்லாவற்றிலும் கொடியது ஒன்று உண்டு. காவல் கப்பலே அடிபட்டு மூழ்கும்போது குண்டுகளை 'சேஃப்' நிலைக்குத் திருப்ப மறந்தால், கப்பல் இறங்க இறங்க அவை வரிசையாக வெடிக்கும். நீரில் நீந்திக்கொண்டிருப்பவரின் குடலையும் நுரையீரலையும் அந்த அதிர்வு கிழித்துவிடும். உலகப் போரில் கப்பல் மூழ்கிப் பிழைத்தவர் பலர் இப்படித்தான் மாண்டார்கள். அதனால், கப்பலைக் கைவிடும் உத்தரவுக்கு முன்பே பின்பக்கம் ஓடிச் சாவியைத் திருப்பி வருவதற்கென்றே ஆள் குறித்திருப்பார்கள்.

மோதி வெடிக்கும் ஆயுதம் வேறொன்று உண்டு, கட்டுரையில் போட்டிருக்கும் படமும் அதனுடையதே. ஹெட்ஜ்ஹாக், முள்ளெலி என்று பொருள். வரிசை வரிசையாக நிற்கும் கம்பிகளில் 24 சிறு குண்டுகளைச் செருகி, கப்பலுக்கு முன்னால் சுமார் இருநூறு கெஜத்தில் வட்டமாக விழும்படி வீசுவார்கள். எதிரொலி அறுவதற்கு முன்பே வீசலாம், எதன் மீதும் படாவிட்டால் வெடிக்காது, நீரும் கலங்காது. 1944 ஆகஸ்ட் 12 அன்று செஷல்ஸ் தீவுகளுக்கு அருகே ஜெர்மானிய யூ 198 நீர்மூழ்கியை பிரிட்டனின் ஃபைண்ட்ஹார்ன் கப்பலும் நம் கோதாவரி கப்பலும் சேர்ந்து அழித்தபோது பயன்பட்டது அந்த ஆயுதம். கட்டுரையாளர் இரண்டு சம்பவங்களையும் கலந்துவிட்டார் என்று தோன்றுகிறது.

பெங்கால் கப்பல் பற்றிய பெட்டிச் செய்தியிலும் ஒரு மிகை. 1942 நவம்பர் 11 அன்று கோகோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே அது 'இரண்டு ஜப்பானியக் கப்பல்களை மூழ்கடித்தது' என்பது தவறு. மூழ்கியது ஹோகோகு மாரு ஒன்றுதான். ஐகோகு மாரு திரும்பிப் போய்விட்டது. பெங்கால் காவலுக்கு வந்த டச்சு எண்ணெய்க் கப்பல் ஒண்டினாவிலும் ஒரு 4 அங்குலப் பீரங்கி இருந்தது. வெடிப்பை உண்டாக்கிய குண்டு யாருடையது என்பதில் இரு தரப்பும் உரிமை கொண்டாடின. இரண்டுமே பிழைத்து வந்தன என்பதே பெரிய விஷயம். இன்னொரு சிறு செய்தி, ஆர்வம் உள்ளவர்களுக்கு: இப்ஸ்விச் போருக்குப் பின் டச்சுக் கடற்படைக்கும், பிறகு இந்தோனேசியாவுக்கும் போய் ஹாங் துவா என்ற பெயரில் ஓடி, 1958இல் விமானக் குண்டுக்கு இரையானது.

அந்த ஆபத்தான பிழைக்குத் திரும்புகிறோம். போர்க்காலத்தில் இந்தக் கரை நெடுக இறக்கிய டெப்த் சார்ஜ் எல்லாமே வெடித்திருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பிஸ்டலில் சேறு அடைத்ததும், ஊசி பாதியில் சிக்கியதும், குறித்த ஆழத்தை எட்டுமுன் தரை தட்டியதும் எந்தக் கடலிலும் நடப்பவை. காசிமேட்டிலிருந்தும் இங்கிருந்தும் இழுவை வலையோடு வடக்கே போகும் விசைப்படகில், சிப்பி மூடிய உருளை ஒன்று மடியில், அதாவது வலையின் பையில், ஏறினால் என்ன ஆகும்? 'மோதினால்தான் வெடிக்கும், இது எத்தனையோ அடிபட்டும் வெடிக்கவில்லை, ஆகவே செத்த குண்டு' என்று நினைத்தால் அடுத்த நிறுத்தம் காயலான் கடை, அங்கே சம்மட்டியும் கேஸ் கட்டரும். டெப்த் சார்ஜ் அடிபட்டு வெடிக்காதது அதன் இயல்பு; செத்துவிட்டதற்கு அடையாளம் அல்ல. பாதி விடுபட்ட ஊசி எப்போது முழுதாக விடும் என்று வெளியிலிருந்து தெரியாது. எண்பது ஆண்டு உப்பு நீரில் ஊறினாலும் உள்ளே இருக்கும் டிஎன்டி வெடிமருந்து கரைந்து போகாது, வெட்டும் தீயில் அது வெடிக்கும்.

ஆகவே, இரு முனையும் தட்டையாக, நடுவில் குழாய் வாய் தெரியும் உருளை வலையில் வந்தால், அதை டெக்கில் ஏற்ற வேண்டாம். இன்னும் நீருக்குள் இருந்தால் மேலே இழுக்காமல், மடியின் கயிற்றை வெட்டி மிதவை கட்டி விட்டுவிடுங்கள். மடி போனால் போகட்டும். ஜிபிஎஸ்ஸில் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே டெக்கில் ஏறிவிட்டால் உருட்டாமல், சுரண்டாமல், மீண்டும் கடலில் தள்ளாமல், ஈரச் சாக்கால் மூடி நிழலில் விட்டு, ஆட்களைப் படகின் மறுமுனைக்கு நகர்த்தி, கரைக்கு வராமல் தகவல் சொல்லுங்கள். கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரக் காவல் குழும போலீசுக்கு 1093. ஆந்திர எல்லைக்குள் இருந்தாலும் இதே எண்கள்தான்.

இந்தத் திருத்தத்தை, முடிந்தால் ஹெட்ஜ்ஹாக் படத்துக்குப் பதிலாக டெப்த் சார்ஜின் சரியான படத்தோடு, மீனவர்கள் பார்க்கும் பக்கத்தில் போட வேண்டுகிறோம். சூளூர்ப்பேட்டை, தடா பதிப்பிலும் வர வேண்டும். அங்கே தமிழ் படிக்கும் படகுக்காரர்கள் நிறைய.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கடற்படையினர் மூவர்,
ஆரம்பாக்கம், திருவள்ளூர் மாவட்டம்.